தனிஸ்லாஸ் கழுவாத கண்ணாடி

தனிஸ்லாஸ் என் தங்கை ரோசாவின் புருஷன். அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்கேயாவது கோபம் தலைகாட்டினால், அதில் பாதி அவன்மேல், மீதிப் பாதி என்மேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் யூஜின். புதுச்சேரியில் மின்சாரக் கம்பி இழுப்பது என் பிழைப்பு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் தெருக்களில் எப்போதோ விளக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கம் நெல்லித்தோப்பு வரைக்கும் வீடு வீடாக அதைக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வீட்டில் முதல் பல்ப் எரியும்போது பெண்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கிறிஸ்தவர் வீடானால் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கும்பிடு எனக்கில்லை என்று தெரியும். ஆனாலும் கம்பத்தின் உச்சியில் இருக்கிறவனுக்குக் கொஞ்சம் தலை கனக்கத்தான் செய்யும். இனிமேல் ஊரில் இருட்டு இல்லை, இன்னும் பத்து வருஷத்தில் நோயும் இருக்காது என்று போகிற வருகிறவரிடமெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டு திரிந்தேன்.

1931-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரேயோன் மிஷின் கப்பலில் வந்து இறங்கியது. இங்கிலீஷ்காரன் சீமையில் அதை எக்ஸ்ரே என்பார்கள். பிரெஞ்சுக்காரர் சொன்ன பேர்தான் எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. உடம்புக்குள்ளே இருக்கிற எலும்பையும் நெஞ்சையும் வெளிச்சம் போட்டுப் படம் பிடிக்கிற மிஷின். அதற்குத் தனியாகத் தடித்த கம்பி இழுக்க வேண்டியிருந்தது. இழுத்தது நான்.

தனிஸ்லாஸ் அப்போது அந்த ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். ரோசாவைக் கட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகள் ஸ்டெல்லாமேரி கைக்குழந்தை. பிரெஞ்சுப் பள்ளியில் செர்த்திபிகா பரீட்சை தேறியவன், அதிர்ந்து பேசாதவன், வேலையில் சுத்தம். டாக்டர் துரை அவனையே மிஷினுக்குப் போட்டுவிட்டார். ஆளை நிறுத்துவது, மூச்சைப் பிடிக்கச் சொல்வது, கண்ணாடித் தகட்டை இருட்டறைக்குள் கொண்டுபோய் மருந்துத் தண்ணீரில் கழுவிப் படம் எடுப்பது, டாக்டர் பிரெஞ்சில் சொல்வதைத் தமிழில் சொல்வது, எல்லாம் அவன் பொறுப்பு.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது வீடோ, புதுப் படகோ, புதுத் தையல் மிஷினோ, எது வந்தாலும் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் கை வைப்பார்கள். ரேயோன் மிஷினையும் விடவில்லை. ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரீகள் போய்ச் சாமியாரை அழைத்து வந்தார்கள். அவர் லத்தீனில் ஜெபம் சொல்லி அதன் தலையில் தீர்த்தம் தெளித்தார். மின்சாரம் ஓடுகிற சாமானில் தண்ணீர் தெளிக்கிறார்களே என்று நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். அதைத் தவிர வேறெந்த ஆபத்தும் என் புத்திக்கு அன்று எட்டவில்லை.

மிஷின் செய்த நல்லதை மறைக்கக் கூடாது. கனகசெட்டிக்குளத்தில் அம்மாவாசை என்று ஒரு மீனவன், உள்ளங்கையில் தூண்டில் முள் ஒடிந்து, கை வீங்கி, பூசணிக்காய் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். முன்னைப்போல் இருந்தால் தேடித் தேடிக் கீறிப் பார்த்துவிட்டுக் கையையே எடுத்திருப்பார்கள். படத்தில் முள் பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் அந்த இடத்தில் மட்டும் கீறி எடுத்தார். பத்தாம் நாள் அம்மாவாசை வலை இழுத்தான். ஒடிந்த கால்கள் நேராகக் கூடின. காசை விழுங்கிய பிள்ளைகள் பிழைத்தன. எங்கள் தாத்தன் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை நொண்டிகள் நடந்திருப்பார்கள் என்று இன்றும் நான் நினைப்பதுண்டு.

ஆனால் அம்மாவாசை ஊருக்குப் போய் என்ன சொன்னான் தெரியுமா. மாதா வெளிச்சம் கைக்குள்ளே பூந்து முள்ளை வெளியே தள்ளியது என்றான். டாக்டர் கத்தி வைத்தது அவன் கணக்கில் வரவே இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்க வேண்டுமா. மந்திரித்த மிஷின் ஆயிற்றே. ரேயோன் போட்டுக்கொண்டால் நோய் எரிந்துபோகும் என்று சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் மிஷினுக்கு முன்னால் நின்று ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொன்னார்கள். குடியானவர்கள் செருப்பை வெளியே கழற்றினார்கள். யாரோ ஒருத்தி அதன் காலடியில் மெழுகுவத்தி ஏற்றப் போய் டாக்டர் துரை கத்தினார்.

தனிஸ்லாஸ் நினைத்திருந்தால் முதல் மாதத்திலேயே, இது வைத்தியம் இல்லையம்மா, வெறும் படம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவர்கள் புறப்படும்போது, "ரேயோன் போட்டாச்சு, இனி பயமில்லை" என்பான். அதுவே அவன் வழக்கமாகிவிட்டது.

"பொய்தான, மாப்ளே" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சயரோகத்துக்கு, இந்த நெஞ்சு நோய்க்கு, மருந்தே இல்ல மச்சான். மிஷின் காட்டும், அவ்ளோதான். பால் குடி, முட்ட சாப்பிடு, மலைக்காத்துக்குப் போன்னு துரை சொல்றாரு. மில்லுல நூல் நூக்கறவன் எந்த மலைக்குப் போவான்? தனித் தட்டு வெச்சுக்கோ, புள்ளைய கிட்ட சேக்காதன்னு அதையும் சொல்லித்தான் அனுப்பறேன். போறப்ப ஒரு ஆறுதல். நிம்மதியா நடந்து போறான், போவட்டுமே."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உள்ளதைச் சொல்வதென்றால், மருந்தில்லை என்று அவன் சொன்னதே என் காதில் சரியாக ஏறவில்லை. அவ்வளவு மின்சாரம் ஓடுகிற மிஷினுக்கு ஒரு புண்ணை ஆற்றத் தெரியாதா, இவனுக்குப் பாவம் அடக்கம் ஜாஸ்தி என்று நினைத்தேன். கம்பி இழுத்தவனுக்கே புத்தி இவ்வளவு என்றால் மெழுகுவத்தி ஏற்றியவளை என்ன சொல்ல.

அந்த வேலையில் அவனுக்கு ஒரு வரும்படி இருந்தது: கண்ணாடி. காலம் கடந்த படத்தகடுகளைக் கழிக்கும்போது கன்னியாஸ்திரீகள் அவனை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டினால் மேலே இருக்கிற படம் ஆடை மாதிரி உரிந்து வந்துவிடும். மிச்சம் நல்ல தெளிவான சீமைக் கண்ணாடி. அவன் வீட்டு ஜன்னல் கதவுகளில் இருந்ததெல்லாம் அதுதான். எங்கள் வீட்டில் மாதா படத்துக்கும் திரு இருதய ஆண்டவர் படத்துக்கும் சட்டம் போட்டதும் அதில்தான். யார் யாருடைய நெஞ்சையோ சுரண்டிவிட்டுப் போட்ட கண்ணாடி என்று நாங்கள் ஒருவரும் அப்போது நினைத்ததில்லை.

1935 மழைக்குப் பிறகு ரோசாவுக்கு இருமல் வந்தது. மார்கழி போய் மாசி வந்தும் நிற்கவில்லை. தனிஸ்லாஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தான். அன்று சாயங்காலம் நேரே என் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக என் பெண்டாட்டி வேளாங்கண்ணி கொடுக்கிற காப்பியை வாங்கிக் குடிக்காமல் போகமாட்டான். அன்று குடிக்கவில்லை.

"மச்சான், மேரி கொஞ்ச நாளைக்கு உன் வூட்ல இருக்கட்டும்."

"ஏன், ரோசாவுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. ஓய்வு வேணும். புள்ள பக்கத்துல இருந்தா அவ படுக்க மாட்டா."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மேரி வந்தது எங்களுக்குத் திருவிழா. ஆறு வயசு, வாய் ஓயாது. நான் வேலை முடிந்து வந்தால் என் இடுப்புப் பட்டையில் இருக்கிற குறடையும் திருப்புளியையும் எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா, நானும் கம்பம் ஏறுவேன்" என்பாள். சந்தோஷமாக இருந்தோம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ரோசாவைப் பார்க்கச் சகிக்காது. பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கிட்டே வரக் கூடாது என்று தனிஸ்லாஸ் கட்டளை. காரணம் கேட்டால் டாக்டர் சொன்னார் என்பான். மாதம் ஐந்து ஓடிற்று.

ஆகஸ்டு பதினைந்து மாதா திருநாளுக்கு முந்தின நாள் ரோசா என் வீட்டு வாசல் வரைக்கும் வந்து நின்றாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. இருமலும் குறைந்திருந்தது.

"எனக்கு இன்னாண்ணே கொறச்சல்? ரெண்டு தபா ரேயோன் போட்டாரு. இனி பயமில்லன்னு அவரு வாயாலயே சொன்னாரு. நோய் போன பொறவு புள்ளைய ஏன் புடிச்சி வெச்சிருக்கீங்க? வேற யாரையாவது வெச்சிருக்காரா, அவளுக்காவ என்ன ஒதுக்கறாரா? நீயாவது சொல்லு."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிற மனுஷன் கட்டினவளை இப்படி அழவைப்பதா என்று. மறுநாள் தனிஸ்லாஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிற நேரம் பார்த்து, மேரிக்குப் புதுப் பாவாடை கட்டி, கையைப் பிடித்து நானே கொண்டுபோய் ரோசாவிடம் விட்டேன். ரோசா பிள்ளையை வாரி எடுத்து முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துக் கடித்து அதன் வாயில் ஊட்டினாள். தாயையும் பிள்ளையையும் சேர்த்துவைத்த புண்ணியவான் என்ற நினைப்பில் நான் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேலியே பயிரை மேய்வது என்பார்கள். மேய்ந்த வேலி நான்தான்.

தனிஸ்லாஸ் வந்தான். மேரி அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னை வெளியே வரச் சொல்லி, பின்பக்கம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"இன்னா மச்சான் பண்ண" என்றான். "ரோசாவுக்கு நெஞ்சுல ரெண்டு பக்கமும் போயிடுச்சு. மொத படத்துலயே தெரிஞ்சுது. ரெண்டாவதுல இன்னும் மோசம்."

"ரேயோன் போட்டும் போவலியா?"

நான் அப்படித்தான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"நீயுமா" என்றான். பிறகு, "எல்லாம் நான் சொல்லிக் குடுத்த பாடந்தான்" என்றான்.

"என்கிட்டயாவது ஏன் சொல்லல?"

"சொன்னா உன் மூஞ்சியிலயே அவ படிச்சிடுவா. தெரிஞ்சா பயத்துலயே ஒரு மாசத்துல போயிடுவா. எத்தன பேர பாத்திருக்கேன்."

பிள்ளையை உடனே திருப்பி அழைத்துப் போ என்றான். உள்ளே போனேன். "மேரி, வா போலாம்" என்றேன். ரோசா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "நோய் போயிடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்" என்றாள், அவனைப் பார்த்து.

ஒரு வார்த்தை போதும். இல்லை, போகவில்லை, அது பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னால் அந்த நிமிஷமே அவள் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்திருப்பாள். பெற்றவள் அல்லவா. அவன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். அவன் சொல்லட்டும் என்று நான் இருந்தேன். தெரிந்தவன் நானும்தானே, நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று இல்லாவிட்டால் மறுநாள், அந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நாள் போயிற்று. இரண்டு ஆண்பிள்ளைகள், ஒருத்தன் பிரெஞ்சு படித்தவன், ஒருத்தன் ஊருக்கு வெளிச்சம் கொடுப்பவன். ஒரு வார்த்தைக்குப் பயந்துகொண்டு, நாலு மாதம் அந்தக் குழந்தையை அவள் பக்கத்திலேயே படுக்கவிட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் ரோசா ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஜனவரியில் போய்விட்டாள். கடைசி நாளில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து, "நீயும் சொல்லலியேண்ணே" என்றாள். அதைத் தவிர அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் மேரிக்கு இருமல் வந்தது. நானும் கூடப் போனேன். மிஷினுக்கு முன்னால் அவளைச் சட்டையில்லாமல் நிறுத்தினார்கள். படம் எடுக்கும்போது டாக்டர் துரை ஈயப் பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அசையாமல் நிற்கத் தெரியாத பிள்ளைகளைத் தனிஸ்லாஸ்தான் கையால் பிடித்துக்கொள்வான். ஆறு வருஷமாக அப்படிப் பிடித்துப் பிடித்து அவன் விரல்களில் தோல் வெந்தாற்போல் உரிந்து, நகம் கறுத்து, இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தான். அந்தக் கையால் மகளின் தோளைப் பிடித்தான். மிஷின் சீறி நின்றது.

மேரி சட்டையைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "ரேயோன் போட்டாச்சு. இனி பயமில்ல, இல்லப்பா?"

அவன் அவளுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். கட்டுப்போட்ட விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை. நான்தான் போட்டேன்.

இருட்டறைக்குள் என்னையும் கூப்பிட்டான். சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அதற்கும் கம்பி இழுத்தவன் நானே. தகட்டை மருந்துத் தண்ணீரில் ஆட்டி, விளக்குக்கு நேரே பிடித்தான். குருவிக்கூடு மாதிரிச் சின்ன விலா எலும்புகள். நெஞ்சு இருக்க வேண்டிய கறுப்பில் வலது பக்கம் மேலே வெள்ளையாகப் பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி இருந்தது. "இதுதானா" என்றேன். "இதுதான்" என்றான். அவனுக்கு அழுகை வரவில்லை. எனக்கு வந்தது.

மே மாதம் சாமியார் மனசு இரங்கி, வயசுக்கு முன்னாலேயே அவளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார். வெள்ளை உடுப்பும் முக்காடுமாகக் கையில் மெழுகுவத்தி பிடித்து ஒரு போட்டோ எடுத்தோம். செப்டம்பரில் மேரியைக் கொண்டுபோய் அவள் அம்மா பக்கத்தில் வைத்தோம். அவளுடைய பெட்டி சின்னது, நான் ஒருத்தனே தூக்கினேன்.

அதற்குப் பிறகு தனிஸ்லாஸ் ஆளே மாறிவிட்டான். மிஷினை விட்டு வேறு வேலைக்குப் போ என்று டாக்டரே சொன்னார். போகவில்லை. வருகிறவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்ல ஆரம்பித்தான். "இது வைத்தியமில்ல, படம். உனக்கு நோய் இருக்குது. உன் புள்ளைய இன்னைக்கே தூர அனுப்பு." சனம் கேட்டதா என்றால் இல்லை. ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். பெண்டாட்டி பிள்ளையை முழுங்கினவன் கை பட்டதால் மிஷினின் மகிமை போய்விட்டது என்று சொன்னார்கள். அவன் லீவில் இருக்கிற நாள் எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். மாற்றுக்கு நிற்கிற ராஜாங்கம் நல்லவன், சிரித்த முகம். படம் எடுத்து முடித்ததும், "இனி பயமில்லை" என்று சொல்லி அனுப்புவான். தனிஸ்லாஸிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டான்.

போன மாதம் அவனுடைய வலது கையில் இரண்டு விரலை எடுத்தார்கள். பார்க்கப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுக்கச் சொன்னான்.

"மேரி படம். கழிச்சுப் போட்டதுல இருந்துச்சு, எடுத்துகினு வந்தேன். ஊர்ல இருக்கறவங்க படத்தயெல்லாம் கழுவிட்டேன் மச்சான், ரோசா படத்தக்கூடக் கழுவிட்டேன். இத என்னால முடியல. நீ கழுவி, அவ புதுநன்மை போட்டோவுக்குச் சட்டம் போட்டுடு. இப்படியே இருந்தா இதத்தான் எடுத்து எடுத்துப் பாப்பேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேளாங்கண்ணியிடம் வெந்நீர் போடச் சொல்லிவிட்டு, நானே தட்டில் ஊறவைத்தேன். முதலில் ஓரம் கிளம்பியது. பிறகு விலா எலும்புகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு வந்தன. மேலே இருந்த பஞ்சும் வந்தது. கட்டைவிரலால் தள்ளிவிட்டேன், தண்ணீரோடு போயிற்று. துணியால் துடைத்து, நான் இழுத்த மின்சார விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது. எங்கேயும் ஒரு புள்ளிகூட இல்லை.